தண்ணீர் வடிந்த மறுநாள், கடையிலும் வீட்டிலும்

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்ததும் திருத்தணி வியாபாரிகளாகிய நாம் அடுத்து எதிர்பார்ப்பது தீபாவளியை. அதன்பின் கார்த்திகை தீபம், மாலை போட்டவர்கள் வரவு, டிசம்பர் 31ஆம் தேதி படித் திருவிழா என்று வரிசையாக வருகிறது. ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கிடங்குகளில் மூட்டை அடுக்க இடம் இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழைக்கும் அதே மூன்று மாதங்கள்தாம். வருடத்தில் அதிகச் சரக்கு இருக்கும் நாளும், அதிக மழை பெய்யும் நாளும் ஒன்றாக இருக்கும் தொழில் நம்முடையது.

"நமக்கென்ன, மலையூர், கடல் எங்கோ இருக்கிறது" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பின் ஒரே நாளில் 50 செ.மீ. மழை பெய்த ஊத்தங்கரை கடற்கரை ஊர் அல்ல, கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர். 2021 நவம்பரில் நமக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள திருப்பதியில் தெருவெல்லாம் ஆறாக ஓடியது. அதே பருவத்தில் ஆந்திரப் பக்கம் கிருஷ்ணாபுரம் அணை திறக்கப்பட்டு, பள்ளிப்பட்டு பகுதியில் கொசஸ்தலை ஆற்றின் தரைப்பாலங்கள் மூழ்கின. ஆறு இல்லாத தெருவில் கடை வைத்திருப்பவருக்கும் மலையிலிருந்து இறங்கும் நீர் உண்டு, அடைத்துக்கொண்ட சாக்கடை உண்டு, தலைக்கு மேலே வெடிக்கக் காத்திருக்கும் மாடித் தொட்டிக் குழாயும் உண்டு. நம்மில் பெரும்பாலோர் முன்னே கடை, பின்னே வீடு என்று குடியிருப்பவர்கள். தண்ணீர் வந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும்.

2015 டிசம்பர் 1ஆம் தேதியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறக்க வேண்டி வந்தது. அடையாற்றங்கரையில் ஜாஃபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகளில் தரைத்தளமே தெரியாமல் நீர் நின்றது. அந்தத் தண்ணீரைத் தடுக்க எந்த மளிகைக் கடைக்காரராலும் முடிந்திருக்காது. ஆனால் வடிந்த பிறகு நடந்தவற்றில் பாதி நம் கையில் இருந்தது. படம் எடுக்காமல் அள்ளிக் கொட்டியவர்களுக்கு இன்சூரன்ஸ் பணம் குறைந்தது. பொங்கலுக்குள் பெயிண்ட் அடித்தே தீர வேண்டும் என்று நின்றவர்களின் சுவர் அடுத்த மழைக்குள் உரிந்து விழுந்தது. வந்தவனுக்கெல்லாம் முன்பணம் கொடுத்தவர்கள் அவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஒரு நாளில் செய்யும் நஷ்டத்துக்குச் சமமாக நம் அவசரம் அடுத்த ஒரு மாதத்தில் செய்துவிடுகிறது. இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் மின்சாரம்

கதவைத் திறந்ததும் சரக்கைப் பார்க்கத்தான் கால் ஓடும். நில்லுங்கள். மெயின் ஸ்விட்ச் நனையாமல், நீங்கள் நிற்கும் இடமும் காய்ந்திருந்தால் மட்டும் அதை அணையுங்கள். போர்டு நனைந்திருந்தாலோ, தண்ணீரில் நின்றுதான் தொட முடியும் என்றாலோ கிட்டே போகாமல் மின் வாரியத்துக்குச் சொல்லி வெளியிலேயே இணைப்பைத் துண்டிக்கச் செய்ய வேண்டும். மறுபடி இணைப்புக் கொடுக்குமுன் உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு மெக்கர் வைத்து வயரிங்கைச் சோதிப்பது அவசியம். சுவருக்குள் போகும் பைப்பில் தண்ணீர் தங்கியிருந்தால் வெளியே எல்லாம் காய்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரம் நாட்கணக்கில் இருக்கும். பிரிட்ஜ், மாவரைக்கும் மோட்டார், தண்ணீர் மோட்டார் எதையும் "ஓடுகிறதா பார்ப்போம்" என்று போட்டுப் பார்க்க வேண்டாம். பழுது பார்த்தால் பிழைத்திருக்கக்கூடிய மோட்டார் அந்த ஒரு நிமிடத்தில் புகைந்துவிடும்.

அடுத்தது படம். இன்று எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும். அதன் அருகில் டேப்பைப் பிடித்து உயரம் தெரிய எடுங்கள். அந்தக் கோட்டைச் சர்வேயர் பார்க்கும் வரை கழுவ வேண்டாம். ஒவ்வொரு அட்டியையும் மொத்தமாக ஒரு படம், அடிவரிசையைத் தனியாக ஒரு படம், மூட்டையில் உள்ள மார்க்கா தெரிய ஒரு படம். அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போனிலும் எழுத்திலும் தகவல் போக வேண்டும். சர்வேயர் வரும்வரை எதையும் தொடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி அல்ல. நஷ்டம் மேலும் பெருகாமல் காப்பது பாலிசிதாரரின் கடமை. நல்லதைப் பிரித்து மேலே ஏற்றலாம், ஏற்ற வேண்டும். கெட்டதைக் கணக்கெடுத்து ஓரமாக வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அட்டியை அன்றே பிரிக்க வேண்டும். பத்து வரிசை அட்டியில் அடி இரண்டு வரிசைதானே நனைந்தது என்று விட்டால், சாக்கு திரிபோல ஈரத்தை மேலே இழுக்கும். நனைந்த துவரம்பருப்பு ஊதித் தையலைப் பிளக்கும், அட்டி சரியும். நடுவில் சூடு கண்டுவிட்டால் மேல்வரிசையில் காய்ந்த மூட்டைக்கும் வாடை ஏறிவிடும். நாட்டாமைக்காரர்களுக்கு அன்றைக்குக் கூலி கூடக் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ரப்பர் பூட்ஸும் கையுறையும் வாங்கிக் கொடுத்து வேலை வாங்குங்கள். வெள்ளத் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் எலிக்காய்ச்சல் வர அது போதும்.

நனைந்ததைக் காயவைத்து விற்கலாமா?

இந்தக் கேள்வியை நம்மில் பலர் வெளியே கேட்பதில்லை. இரவில் தனக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். ஒரு லாரிச் சரக்கு நம் கண்ணெதிரே கெட்டுக் கிடக்கும்போது, "இரண்டு வெயில் காட்டினால் சரியாகிவிடும்" என்று சொல்ல யாராவது வந்துவிடுவார்கள்.

நிலக்கடலை, மிளகாய், மக்காச்சோளம் போன்றவற்றில் ஈரம் கண்டால் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை பிடிக்கிறது. அது உண்டாக்கும் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுப்பது. வெயிலில் உலர்த்தினால் பூஞ்சை உதிர்ந்து போகும், நஞ்சு போகாது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுவதும் நீங்காது. 1974இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் பகுதிகளில் பருவம் தப்பிய மழையில் நனைந்த மக்காச்சோளத்தைத் தின்ற கிராமத்தார் கூட்டமாக நோயில் விழுந்தார்கள். பதிவான 397 நோயாளிகளில் 106 பேர் இறந்துபோனார்கள். அவர்கள் வீட்டில் விளைந்த தானியத்தைத்தான் அவர்கள் தின்றார்கள். நாம் கடையில் விலைக்குக் கொடுக்கிறோம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இன் 59ஆம் பிரிவுப்படி, பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் தண்டனை ஏழு ஆண்டுக்குக் குறையாது, ஆயுள் வரை போகலாம். சட்டம் இருக்கட்டும், குண்டூர் மிளகாயை நம்மிடம் வாங்கிப் பொடி அரைக்கும் அம்மாளுக்கு அது நனைந்து காய்ந்ததென்று எப்படித் தெரியும்?

மாட்டுத் தீவனத்துக்குத் தள்ளிவிடலாம் என்பது அடுத்த யோசனை. மாடு தின்றால் அந்த நஞ்சின் ஒரு வடிவம் பாலில் இறங்குகிறது. பால் குழந்தைக்குப் போகிறது.

இதிலே நம் ஆட்கள் கவனிக்காத இன்னொன்று உண்டு. சேதச் சரக்கை மொத்த விலைக்குக் கேட்டு வருபவர்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் ரொக்கம் வைத்துக்கொண்டு பேசுவார்கள். அவர்கள் அதை எரிக்க வாங்குவதில்லை. உலர்த்தி, சலித்து, நல்லதோடு கலந்து, இரண்டு மாதம் கழித்து எங்கோ ஒரு சந்தையில் விற்கிறார்கள். சில சமயம் நம் மார்க்கா உள்ள சாக்கிலேயே. ஆகவே உணவுச் சரக்கு கெட்டுவிட்டதென்று முடிவானால், சர்வேயர் பார்த்தபின் சாக்கைக் கிழித்து, பினாயிலோ சாயமோ கலந்து, யாரும் மறுபடி எடுக்க முடியாதபடி செய்து நகராட்சி மூலம் அப்புறப்படுத்துவதே சரி. அதையும் படம் எடுத்து வையுங்கள். பின்னால் கணக்குக்கு உதவும்.

எதைக் காப்பாற்றலாம் என்றால், ஈயம் வைத்து அடைத்த எண்ணெய் டின், நசுங்காமல் துருப்பிடிக்காமல் இருந்தால், சோப்பு நீரில் கழுவி பிளீச்சிங் பவுடர் கரைசலில் துடைத்து உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். திருகு மூடி பாட்டில்கள் பார்க்க நன்றாக இருந்தாலும் மூடி இடுக்கில் வெள்ள நீர் புகுந்திருக்கும், வேண்டாம். அட்டைப்பெட்டியில் உள்ள டீத்தூள், பிஸ்கட், அப்பளம் எல்லாம் போனதுதான். குங்குமம், விபூதி, ஊதுவத்தியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

உப்பு மூட்டையும் சுவரும்

கட்டடத்துக்கு வருவோம். நம் ஊர்ப் பழைய கடைகளில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டி, மேலே மெட்ராஸ் டெரஸ் போட்டவை இன்னும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்தார்கள். அந்தச் சுவர் தண்ணீர் குடிக்கும், ஆனால் விட்டுவிடவும் செய்யும். அதன்மேல் பின்னால் யாரோ சிமெண்ட் பூசி, ஆயில் பெயிண்ட் அடித்திருப்பார்கள். குடித்த நீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். ஓதம் பிடித்துப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்புவது அதனால்தான்.

மளிகைக்காரர் கடையில் மட்டும் காணும் ஒரு வியாதியும் உண்டு. கல்லுப்பு மூட்டைகளைச் சுவரோடு ஒட்டி அடுக்குகிறோம். தண்ணீர் வந்ததும் முதலில் கரைவது அதுதான். கரைந்த உப்புநீரைச் சுவரும் தரையும் குடிக்கின்றன. தண்ணீர் வற்றினாலும் உப்பு சுவரிலேயே தங்கிவிடுகிறது. காற்றில் ஈரம் முக்கால் பங்குக்கு மேல் ஏறினால் உப்பு அந்த ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். ஆகவே மழையே பெய்யாத மூடாக்கு நாளில்கூட அந்தச் சுவர் வியர்க்கிறது. வெயில் அடித்தால் வெள்ளையாகப் பூக்கிறது. வீட்டுக்காரர் ஒழுகுகிறது என்று மாடியை உடைத்துப் பார்க்கிறார். பிளம்பர் குழாயைத் தோண்டுகிறார். குற்றவாளி பத்து வருடத்துக்கு முன் கரைந்த உப்பு. இதற்குப் பெயிண்டில் மருந்து கிடையாது. உப்பேறிய பூச்சை, ஈரக் கோட்டுக்கு ஒரு முழம் மேலே வரை கொத்தி எடுத்து, செங்கல் இடுக்கைச் சுரண்டி, பூத்த உப்பைத் தண்ணீர் தொடாமல் உலர்ந்த துடைப்பத்தால் தட்டி வாரி, நன்றாகக் காயவிட்டு, பிறகு சுண்ணாம்புக் கலவையில் பூச வேண்டும். கொத்திய பூச்சைக் கலவையில் மறுபடி சேர்க்க விடாதீர்கள். உப்பு, வெல்லம், உர மூட்டை எதையும் இனிச் சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி, கட்டைப் பலகைமேல் வையுங்கள்.

சுவர் காய எவ்வளவு நாள்? அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று மேல்நாட்டில் ஒரு கணக்குச் சொல்வார்கள். நம் வெயிலுக்கு அவ்வளவு ஆகாது என்றாலும், கார்த்திகையில் நனைந்த ஒன்பதங்குலச் சுவர் தை பிறக்குமுன் காய்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பது வீண். சோதிக்கச் செலவில்லாத வழி ஒன்று: ஒரு முழச் சதுரத்தில் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் கழித்துப் பார்க்கும்போது தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் ஈரம். பெயிண்டர் என்ன சொன்னாலும் டப்பாவைத் திறக்க வேண்டாம். கதவு ஜன்னலைத் திறந்து காற்றோடவிட்டு, மின்விசிறி வைத்து, பீரோவையும் ரேக்கையும் சுவரைவிட்டு நகர்த்தி வைப்பதுதான் மருந்து. மரப்பீரோவை நேர் வெயிலில் போட்டால் பலகை வளையும், நிழலில் காயட்டும்.

கணக்குப் புத்தகங்களும் அப்படியே. ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆண்டு விவரம் தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நனைந்த பேரேட்டைப் பிரித்து இழுத்தால் கிழியும். நிமிர்த்தி நிற்கவைத்து, இடையிடையே மை இல்லாத வெள்ளைத் தாளைச் செருகி, விசிறிக் காற்றில் காயவிடுங்கள். பத்திரங்கள் நனைந்திருந்தால் காய்ந்த பின்னும் லேமினேஷன் செய்துவிடாதீர்கள். கல்லாவில் நனைந்து கிழிந்த நோட்டுகளை வங்கியில் ரிசர்வ் வங்கி விதிப்படி மாற்றிக்கொள்ளலாம். கமிஷன் பேசும் ஆளிடம் போக வேண்டியதில்லை.

ஆளைப் பிடிக்குமுன்

மேல்நாடுகளில் இந்த வேலைக்கென்றே கம்பெனிகள் உண்டு. அமெரிக்காவில் 1994இலேயே இதற்கு ஒரு செய்முறை நூல் வெளியிட்டு, வந்த தண்ணீர் குழாய்த் தண்ணீரா, குளித்த தண்ணீரா, சாக்கடைத் தண்ணீரா என்று மூன்று வகையாகப் பிரித்து வேலை செய்கிறார்கள். நம் நாட்டிலும் பெரிய நகரங்களில் அப்படிப்பட்டவர்கள் வந்திருக்கிறார்கள். நம் போன்ற ஊர்களில் கொத்தனார், பிளம்பர், வயர்மேன், பெயிண்டர் என்று தனித்தனியாகத்தான் பிடித்தாக வேண்டும். அந்த மூன்று வகைப் பிரிவு நமக்கும் நல்லதுதான். மாடிக் குழாய் வெடித்து வந்த தண்ணீரானால் துடைத்து உலர்த்தினால் போதும். சாக்கடை கலந்ததானால் மெத்தை, தலையணை, பிளைவுட் அலமாரி எல்லாவற்றையும் கழித்துவிடுவதே குடும்பத்துக்கு நல்லது.

பெரிய மழை முடிந்த வாரம் வேன்களில் ஆட்கள் வருவார்கள். கையில் வண்ண நோட்டீஸ், "கெமிக்கல் கோட்டிங், பத்து வருட கேரண்டி." பத்து வருடம் கழித்து அந்த நோட்டீஸில் உள்ள நம்பருக்குப் போன் செய்து பாருங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஈரச் சுவரில் எவ்வளவு உயர்ந்த கோட்டிங்கும் ஒட்டாது என்று அவர்களுக்கும் தெரியும். "இன்றே அடித்துவிடலாம்" என்று ஒருவர் சொன்னால் அந்த ஒரு சொல்லே அவரை வேண்டாமென்று சொல்லப் போதும். நான் கேட்டால், பக்கத்துத் தெருவில் குடியிருந்து, போன வருடம் வேறொருவருக்கு வேலை செய்து, அந்த வேலையை நாம் போய்ப் பார்க்கக்கூடிய மேஸ்திரியே மேல் என்பேன். அவர் ஒரு மாதம் காத்திருக்கச் சொன்னால் காத்திருக்கலாம். சுவரும் அதற்குள் காயும்.

பத்து மூட்டைக்குக்கூட பில் போடும் நாம், வீட்டு வேலை என்றால் வாய் வார்த்தையில் லட்சம் ரூபாய் வேலையைத் தொடங்கிவிடுகிறோம். ஒரு வெள்ளைத் தாள் போதும். எத்தனை சதுர அடி, பழைய பூச்சைக் கொத்துவது சேர்ந்ததா, இடிபாட்டை அள்ளுவது யார், சிமெண்டும் சுண்ணாம்பும் யார் வாங்குவது, எத்தனை நாளில் முடியும் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அளவை நாமும் கூடவே நின்று டேப் பிடிக்க வேண்டும். முன்பணம் கால் பங்குக்கு மேல் வேண்டாம். மீதியை வேலை நடக்க நடக்கக் கொடுங்கள். மாடித் தளவரிசை வேலையானால், முடிந்தபின் தண்ணீர்ப் போக்கிகளை அடைத்து ஓரங்குலத் தண்ணீரை இரண்டு நாள் கட்டி நிறுத்திப் பார்த்த பிறகே கணக்கு முடிப்பது என்றும் அதில் இருக்கட்டும். பத்தில் ஒரு பங்கை அடுத்த மழை வரை நிறுத்தி வைக்கச் சம்மதிக்கும் மேஸ்திரி கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். இன்சூரன்ஸுக்குக் காட்டப் போகிறீர்கள் என்றால் பொருளுக்கும் கூலிக்கும் தனித்தனியே பில் வேண்டும்.

ஒரு வேலைக்கு மட்டும் யாரையும் அவசரப்பட்டுக் கூப்பிடக் கூடாது. வெள்ளத்தில் கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வீட்டுக்குள் எதிர்த்து வரும்போது, "இறங்கிச் சுத்தம் செய்துவிடுகிறேன்" என்று ஐநூறு, ஆயிரத்துக்கு ஒருவர் வருவார். அனுமதிக்காதீர்கள். உள்ளே இருக்கும் வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்குபவரும் சாய்வார். 2013ஆம் ஆண்டுச் சட்டம் இப்படி ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது, வீட்டுக்காரர் உட்பட. இத்தகைய சாவுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்ச ரூபாயாக உயர்த்தியது. அந்தக் குடும்பத்துக்குப் பணமா பெரிது? கழிவுநீர் லாரிக்குச் சொல்லிக் காத்திருப்போம். வெள்ளம் புகுந்த குடிநீர்ச் சம்ப்பிலும் கவனம் தேவை. மோட்டாரால் இறைத்துவிட்டு, மூடியைத் திறந்து காற்றோடவிட்டு, கூடிய மட்டும் மேலிருந்தபடியே கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு மறுபடி இறைத்துக் கொட்டிய பிறகே நிரப்ப வேண்டும்.

பாலிசியை இப்போதே எடுத்துப் படியுங்கள்

நம்மில் பலரிடம் பாலிசி இருக்கிறது, வங்கி ஓ.டி. கொடுக்கும்போது அதுவே எடுத்துக் கொடுத்தது. ஆனால் அதில் எந்த முகவரி இருக்கிறது என்று பார்த்தவர்கள் குறைவு. ம.பொ.சி. சாலையில் கடை, அரக்கோணம் சாலையில் கிடங்கு. பாலிசியில் கடை மட்டும் இருந்தால் கிடங்குச் சரக்குக்கு ஒரு பைசா வராது.

2021 ஏப்ரல் 1 முதல் ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் வரை சொத்துள்ள சிறு வியாபாரத்துக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்றும், வீட்டுக்கு 'பாரத் க்ருஹ ரக்ஷா' என்றும் எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி பாலிசி கொடுக்கின்றன. புயல், வெள்ளம் இரண்டிலும் அடக்கம். தொட்டியோ குழாயோ வெடித்து வழிந்தாலும் சேரும். ஆனால் நாளாக நாளாகச் சுவரில் கசிந்து வரும் ஓதம் சேராது. "ரொம்ப நாளாக ஒழுகிக்கொண்டிருந்தது சார்" என்று சர்வேயரிடம் பேச்சுவாக்கில் சொல்வதற்குமுன், எது பழைய கசிவு, எது நேற்றைய வெள்ளம் என்று நீங்களே பிரித்து, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

சரக்கைக் குறைத்துக் காட்டிப் பிரீமியத்தை மிச்சம் பிடிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. கிடங்கில் 10 லட்சத்துக்குச் சரக்கு, பாலிசி 5 லட்சத்துக்கு. வெள்ளத்தில் 2 லட்சச் சரக்கு போனது. 5 லட்சத்துக்குள்தானே என்று 2 லட்சம் எதிர்பார்ப்போம். விகிதாசாரப்படி 1 லட்சம்தான் கணக்கு வரும். புதிய சூக்ஷ்ம பாலிசியில் 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்கிறார்கள். பாதிக்குப் பாதியைப் பொறுக்க மாட்டார்கள். ஆகவே தீபாவளி முதல் படித் திருவிழா வரை உச்சத்தில் இருக்கும் சரக்கை வைத்துத் தொகையை நிர்ணயிக்க வேண்டும். ஆனி மாதத்துச் சரக்கை வைத்து அல்ல.

சர்வேயருக்குக் கட்டணம் கொடுப்பது கம்பெனி. நாம் காபி கொடுத்தால் போதும். அவர் கேட்பது கொள்முதல் பில், இருப்புக் கணக்கு, ஜி.எஸ்.டி. தாக்கல், படங்கள். பில் இல்லாத சரக்குக்கு நஷ்டம் கேட்க நமக்கு வாய் இருக்காது. தீர்ப்பில் திருப்தி இல்லையென்றால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் முறையிட்டு, அதற்கும் பலனில்லாவிடில் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தனி உரிமையாளர் கடைகளும் குறுந்தொழில்களும் அங்கே போகலாம். வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை.

நம் ஆடிட்டர்கள் ஞாபகப்படுத்தாமல் விடுகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அழிந்த சரக்குக்கு நாம் எடுத்திருந்த உள்ளீட்டு வரியை ஜி.எஸ்.டி. சட்டம் 17(5)(எச்) பிரிவுப்படி திருப்பிக் கட்ட வேண்டும். வெள்ளம் என்றாலும் விலக்கு கிடையாது. அந்தத் தொகையும் நமக்கு நஷ்டம்தான் என்பதால், கிளெய்ம் கணக்கிலேயே அதைச் சேர்த்துக் கேட்க வேண்டும். பின்னால் நோட்டீஸ் வந்தபிறகு கேட்டால் ஃபைல் மூடியிருப்பார்கள். காம்பொசிஷனில் இருப்பவர்களுக்கு உள்ளீட்டு வரி எடுப்பதே இல்லையாதலால் இந்தத் தலைவலி இல்லை.

கடைசியாகத் தராசு. தண்ணீரில் மூழ்கிய எலக்ட்ரானிக் தராசு காய்ந்தபின் எண் காட்டும். சரியான எண்ணைக் காட்டும் என்று நம்ப முடியாது. பழுது பார்த்தால், அதே வருட முத்திரை இருந்தாலும், தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளரிடம் மறுமுத்திரை பெற்ற பிறகே விற்பனைக்கு வைக்க வேண்டும். நனைந்த முத்திரைச் சான்றிதழுக்கு நகலும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.